ஆம்ப் குமிழைத் தொடும் முன்: பாட்டு மைக்குக்கு லெவல் வைப்பது எப்படி?

ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்பின் குமிழை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, மிக்சரில் மேலும் கீழும் நகரும் ஃபேடரைத் தரையோடு தரையாக வைத்துச் சமாளிப்பவர்கள் ஒரு பக்கம். ஆம்ப்புக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து அதைக் கால்வாசிக்கு மேல் திறக்காமல், மிக்சரின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிய நிகழ்ச்சியை ஓட்டுபவர்கள் இன்னொரு பக்கம். முன்னவர்களுக்குப் பாட்டு நிற்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'உஸ்ஸ்' என்று இரையும். பின்னவர்களுக்கு உச்சஸ்தாயியில் குரல் கரகரக்கும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆம்ப்பின் முகப்பில் இருப்பது வாட்ஸ் குமிழ் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அது வாட்ஸ் குமிழ் இல்லை, அட்டென்யுவேட்டர். ஆம்ப் பெருக்கும் அளவு உள்ளே நிலையாகவே இருக்கிறது. வரும் சிக்னலை அதற்குள் விடுவதற்கு முன் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை மட்டுமே இந்தக் குமிழ் தீர்மானிக்கிறது. 500 வாட்ஸ் ஆம்ப்பின் குமிழ் பாதியில் இருந்தாலும், மிக்சர் போதுமான அளவு தள்ளினால் 500 வாட்ஸும் வெளியே வந்தே தீரும். ஆகவே குமிழைக் குறைத்து வைத்தால் ஸ்பீக்கர் பிழைத்துக்கொள்ளும் என்பது வெறும் நம்பிக்கை.

சரி, எவ்வளவு திறப்பது? அதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆம்ப்பின் கையேட்டில் 'சென்சிடிவிட்டி' என்று ஒரு வரி இருக்கும். குமிழ் முழுக்கத் திறந்திருக்கும்போது, முழு வாட்ஸையும் எடுக்க எத்தனை வோல்ட் உள்ளே வர வேண்டும் என்பதுதான் அது. 0.775 வோல்ட், 1 வோல்ட், 1.4 வோல்ட் ஆகியவை அடிக்கடி கண்ணில் படும். சில ஆம்ப்களில் இதற்குப் பதிலாக 26 டெசிபெல் அல்லது 32 டெசிபெல் என்று கெயின், அதாவது பெருக்கும் அளவு, கொடுத்திருப்பார்கள். அப்போது நாமே கணக்கிடலாம். 8 ஓம்ஸில் 500 வாட்ஸ் என்றால் வெளியே சுமார் 63 வோல்ட். 32 டெசிபெல் என்பது 40 மடங்கு. 63ஐ 40ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.6 வோல்ட். அவ்வளவு உள்ளே வந்தால் ஆம்ப் தன் எல்லையைத் தொட்டுவிடும்.

இப்போது மிக்சர் பக்கம். மீட்டர் 0 காட்டும்போது பெரும்பாலான மிக்சர்களின் மெயின் அவுட்டில் +4 டிபியூ (சிக்னலின் வோல்ட்டை டெசிபெலில் சொல்லும் அலகு), அதாவது 1.23 வோல்ட் இருக்கும். சில மிக்சர்களில் மீட்டரின் 0 என்பது 0 டிபியூ, அதாவது 0.775 வோல்ட். இதைக் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. மிக்சர் கிளிப் ஆவதோ, அதாவது உச்சங்கள் வெட்டப்பட்டு ஒலி உடைவதோ, +20 டிபியூவை ஒட்டியோ அதற்கும் மேலோதான், அது 7.75 வோல்ட். 0.775 வோல்ட் சென்சிடிவிட்டி உள்ள ஆம்ப்பை முழுக்கத் திறந்து வைத்தால் என்ன நடக்கும்? மிக்சர் மீட்டர் 0 காட்டும்போதே ஆம்ப் தன் எல்லையை 4 டெசிபெல் தாண்டியிருக்கும். மிக்சருக்கு இன்னும் 16 டெசிபெல் இடம் மிச்சம் இருக்கும், ஆனால் அதனால் ஒரு பயனும் இல்லை. அதனால்தான் மாஸ்டர் ஃபேடர் -30க்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே ஃபேடர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே சத்தம் தூக்கியடிக்கும். நுணுக்கமாக நகர்த்த வசதியாக இருப்பது 0 கோட்டைச் சுற்றியுள்ள பகுதிதான், ஃபேடரின் கோடுகளே அங்கேதான் விரிவாக இருக்கும்.

மிக்சரும் ஆம்ப்பும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எல்லையைத் தொட வேண்டும் என்பதுதான் குறி. புத்தகக் கணக்குப்படி அந்த 0.775 வோல்ட் ஆம்ப்பை (500 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம்) 20 டெசிபெல் குறைக்க வேண்டும். நடைமுறையில் அது சற்று அதிகம். அப்படி வைத்தால் மிக்சர் மீட்டர் சராசரியாக 0இல் நிற்கும்போது ஆம்ப் முழுத் திறனைவிட 16 டெசிபெல் கீழே, வெறும் 12 வாட்ஸ் சொச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு நிகழ்ச்சிக்கு 14 டெசிபெல் குறைப்பு வசதியாக இருக்கும். அப்போது மீட்டர் +10ஐத் தொடும்போது ஆம்ப்பின் கிளிப் விளக்கு மினுக்கும். சராசரி 0 என்றால் ஆம்ப் 50 வாட்ஸில் ஓடும். குரலின் உச்சங்களுக்கு 10 டெசிபெல் இடம் இருக்கும். குமிழில் டெசிபெல் எண் அச்சிட்டிருந்தால் அதைப் பாருங்கள். வெறும் 1 முதல் 10 வரை போட்டிருந்தால் 5 என்பது பாதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது எத்தனை டெசிபெல் என்பது ஆம்ப்புக்கு ஆம்ப் மாறும்.

கையேடு இல்லையென்றால் காதையும் விளக்கையும் வைத்தே இதைச் செய்யலாம். அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் மைக்கிலிருந்து வரிசையாக வர வேண்டும், ஏனென்றால் முதல் படியில் கெட்டதை அடுத்த எந்தப் படியிலும் திருத்த முடியாது.

கெயின்

ஷூர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக்கை எடுத்துக்கொள்வோம். 94 டெசிபெல் ஒலி அழுத்தத்துக்கு அது தருவது வெறும் 1.85 மில்லிவோல்ட். உதட்டை ஒட்டிப் பிடித்து ஓங்கிப் பாடும் ஒருவர் மைக்கின் முகத்தில் 114 டெசிபெல் எட்டினால் அது 18.5 மில்லிவோல்ட், +4 டிபியூவுக்குக் கொண்டுவர சுமார் 36 டெசிபெல் கெயின் போதும். மைக்கைத் தள்ளிப் பிடித்து மெல்லப் பாடுபவருக்கு அதே மைக்கில் 56 டெசிபெல் தேவைப்படும். ஒரே மைக், ஒரே மிக்சர், 20 டெசிபெல் வித்தியாசம். 'இந்த மைக்குக்குக் கெயினை ரெண்டு மணி நிலையில் வை' என்ற மாதிரி அறிவுரைகள் உதவாமல் போவது இதனால்தான். பாடுபவர் மாறினால் கெயினும் மாறும்.

வைக்கும் முறை இதுதான். ஆம்ப் இன்னும் அணைந்தே இருக்கட்டும், அல்லது குமிழ் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். சேனல் ஃபேடர் கீழே, ஈக்யூ (கீழ், நடு, மேல் ஒலியை ஏற்றி இறக்கும்) குமிழ்கள் நடுவில், கெயின் முழுக்கக் குறைவில். சேனலை ஃபேடருக்கு முன்பே தனியாகக் காட்டும் பி.எஃப்.எல். பட்டனை அழுத்துங்கள். அதை அழுத்தாதவரை மீட்டர் காட்டுவது மெயின் மிக்ஸை, இந்தச் சேனலை அல்ல. பாடகரை 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' சொல்லச் சொல்லாதீர்கள். பேச்சுக்கும் உச்சத்தில் பாடுவதற்கும் இடையில் 15 டெசிபெல் சாதாரணமாக வந்துவிடும். பட்டியலில் இருக்கும் பாட்டுகளிலேயே அதிக ஸ்தாயி போகும் இடத்தை, மேடையில் பிடிக்கப்போகும் அதே தூரத்தில் மைக்கைப் பிடித்து, முழுக் குரலில் பாடச் சொல்லுங்கள். மீட்டர் பெரும்பாலும் 0ஐச் சுற்றி ஆடி, உச்சத்தில் +6 வரை போகும்படி கெயினை ஏற்றுங்கள். அங்கிருந்து 3 டெசிபெல் குறைத்துவிடுவது என் வழக்கம். சவுண்ட் செக்கில் அடக்கி வாசிக்கும் குரல், கூட்டத்தைப் பார்த்ததும் கட்டாயம் ஏறும்.

டிஜிட்டல் மிக்சரில் எண்கள் வேறு. அங்கே 0 என்பது கூரை, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. சராசரி -18, உச்சம் -10 என்று வைத்தால் நிம்மதி. அனலாக் பழக்கத்தில் 0ஐ நோக்கி ஏற்றுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். டிஜிட்டல் கிளிப்பில் மெல்லக் கரகரக்கும் கட்டமெல்லாம் இல்லை, நேராக 'டப் டப்' என்று உடையும்.

ஒலி கெயினிலேயே உடைந்துவிட்டால் மாஸ்டரைக் குறைப்பதால் ஒன்றும் ஆகாது. உடைந்த குரல் மெதுவாகக் கேட்கும், அவ்வளவே. கெயினை முழுக்கக் குறைத்தும் சிவப்பு விளக்கு எரிந்தால் சேனலில் 'பேட்' பட்டன் இருக்கிறதா பாருங்கள். 20 டெசிபெல் குறைக்கும். டைனமிக் மைக்கில் இது அபூர்வம். வயர்லெஸ் மைக்கின் ரிசீவரில் லைன் லெவலில், அதாவது மைக்கைவிடப் பல மடங்கு பெரிதாக, வரும் சிக்னலை மைக் இன்புட்டில் செருகினால் இப்படித்தான் ஆகும். ரிசீவரின் பின்னால் மைக் / லைன் சுவிட்ச் இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

கண்டென்சர் மைக்குக்கு மிக்சர் கேபிள் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும். போடும்போதும் அணைக்கும்போதும் சேனல் மியூட்டில் இருக்க வேண்டும். மறந்தால் ஸ்பீக்கரில் வெடிக்கும் சத்தத்தை மேடை முழுக்க ரசிக்கும்.

கெயின் வைத்த பிறகு ஹைபாஸ் பட்டனை அழுத்துங்கள். 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் மேடை அதிர்வு, மைக்கைக் கையில் மாற்றும் சத்தம், 'ப' எழுத்தின் காற்று எல்லாம் போய்விடும். குரலுக்கு இழப்பு இல்லை. ஆம்ப்புக்கோ பெரிய ஆறுதல், ஏனென்றால் வாட்ஸைத் தின்பது கீழ் ஒலிதான். பிறகு ஈக்யூவில் கை வைத்தால் கெயினை மறுபடி சரிபாருங்கள். 3 கிலோஹெர்ட்ஸில் 6 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்தில் 6 டெசிபெல் ஹெட்ரூம் (உடையும் முன் மிச்சமிருக்கும் இடம்) போயிற்று. தெளிவு வேண்டுமானால் ஏற்றுவதைவிட 250 – 400 ஹெர்ட்ஸ் பகுதியில் 3 டெசிபெல் வெட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பல குரல்கள் சேரும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு சேனலும் சரியாக 0இல் இருந்தாலும், ஒரே அளவில் ஒலிக்கும் மைக்குகள் இரண்டானால் மெயின் 3 டெசிபெல் ஏறும், நான்கானால் 6, எட்டானால் 9. எந்தச் சேனலிலும் சிவப்பு எரியவில்லை, ஆனால் மெயினில் எரிகிறது என்றால் காரணம் இதுதான். அப்போது கெயின்களைத் தொடாதீர்கள், சேனல் ஃபேடர்களை ஒட்டுமொத்தமாக 5 டெசிபெல் இறக்குங்கள்.

ஆம்ப் பக்கம்

திருப்ப ஆரம்பிப்பதற்கு முன் ஆம்ப்பின் பின்பக்கத்தை எட்டிப் பாருங்கள். ஸ்டீரியோ, பேரலல், பிரிட்ஜ் என்று மூன்று நிலைச் சுவிட்ச் இருக்கும். தெரியாமல் பிரிட்ஜில் கிடந்தால் விபரீதம். பிரிட்ஜில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கரை இணைத்தால் ஒவ்வொரு பக்கமும் அதை 4 ஓம்ஸாகவே பார்க்கும். 4 ஓம்ஸ் கொடுத்தால் 2 ஓம்ஸாக. சாதாரண ஸ்டீரியோவில்கூட ஒரு சேனலில் இரண்டு 8 ஓம்ஸ் பெட்டிகளைச் சேர்த்தால் 4 ஓம்ஸ், நான்கைச் சேர்த்தால் 2 ஓம்ஸ். ஆம்ப் எதுவரை தாங்கும் என்று பின்னாலேயே எழுதியிருப்பார்கள். ஸ்பீக்கருக்குக் கிடார் ஒயரைப் போடவே கூடாது. உள்ளே இருப்பது மெல்லிய கம்பி, சூடாகி ஷார்ட் ஆனால் போவது ஆம்ப்.

மிக்சரிலிருந்து ஆம்ப் வரை எக்ஸ்.எல்.ஆர். அல்லது மூன்று முனை டி.ஆர்.எஸ். கேபிள் போடுங்கள். இரண்டு முனை மோனோ பின்னைச் செருகினால் சில மிக்சர்களில் 6 டெசிபெல் காணாமல் போகும், கூடவே ஹம்மும் வரும். மிக்சரில் +4 / -10 சுவிட்ச் இருந்தால் +4இல் இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 12 டெசிபெல் வித்தியாசம். அது தவறான பக்கத்தில் இருப்பது தெரியாமல் ஆம்ப்பை முழுக்கத் திறந்து, கூடவே இரைச்சலையும் திறந்துவிடுவது அடிக்கடி நடப்பது.

மின்சாரம் கொடுக்கும்போது மிக்சர், எஃபெக்ட் எல்லாம் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில்.

கையேடு இல்லாத ஆம்ப்புக்கு நான் முன்னே சொன்ன முறை: ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். குமிழ் பூஜ்ஜியத்தில். மிக்சரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் டோனோ, பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலோ அனுப்பி, மெயின் மீட்டர் +10இல் நிற்கும்படி வையுங்கள். ஆம்ப் குமிழை மெல்ல ஏற்றுங்கள். கிளிப் விளக்கு முதன்முதலில் மினுங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து 2 டெசிபெல் அளவுக்குக் குறையுங்கள். ஸ்பீக்கர் இல்லாதபோது ஆம்ப்பின் எல்லை சற்றே உயரமாக இருக்கும், அந்த 2 டெசிபெல் அதற்காக. அந்த இடத்தில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். பிறகு குமிழை மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, ஆம்ப்பை அணைத்து, மிக்சரில் டோனை நிறுத்தி, ஸ்பீக்கரை மாட்டுங்கள். டோனை நிறுத்த மறந்து ஸ்பீக்கரை மாட்டினால் அதற்கு அன்றோடு ஆயுள் முடிந்துவிடலாம்.

டேப் குறி என்பது மேல் எல்லை. சிறிய அறையில் அவ்வளவு சத்தம் தேவையில்லை என்றால் ஃபேடர்களை அடியில் புதைக்காமல், ஆம்ப் குமிழை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். மிக்சர் தன் வசதியான இடத்திலேயே வேலை செய்யும், இரைச்சலும் சேர்ந்து குறையும். பவர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கருக்கும் இதே கதைதான். அதன் முதுகில் இருக்கும் லெவல் குமிழ்தான் அங்கே ஆம்ப் குமிழ்.

ஸ்பீக்கரைக் காப்பாற்றுவது எது என்றால், கிளிப் ஆகாத ஆம்ப்பும், குறித்த எல்லைக்கு மேல் சிக்னலை விடாத லிமிட்டரும். ஆம்ப் சின்னதாக இருந்தால் ஸ்பீக்கர் எரியும் என்று ஒரு பேச்சு உண்டு. ஆம்ப் சின்னதாக இருப்பது மட்டும் எதையும் எரிக்காது. சத்தம் போதாமல் அதை மேலும் மேலும் தள்ளும்போது உச்சங்கள் வெட்டப்பட்டு, சராசரி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. சைன் அலை முழுக்கச் சதுரமானால் அதே உச்ச வோல்ட்டில் இரண்டு மடங்கு பவர். கூடுதலாகப் பிறக்கும் மேல் ஒலியெல்லாம் போய்ச் சேருவது மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான டுவீட்டருக்கு. ஸ்பீக்கரின் தொடர் வாட்ஸைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆம்ப் வைத்துக்கொள்ளச் சொல்வது உச்சங்கள் வெட்டப்படாமல் போக வேண்டும் என்பதற்காகத்தான், அத்தனை வாட்ஸையும் ஊற்றுவதற்காக அல்ல. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல்தான். போதவில்லை என்றால் பெட்டியைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நகர்த்துவது செலவில்லாத வழி, திறந்தவெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபெல் ஏறும்.

கூவல்

மைக் கூவினால் பலர் செய்யும் முதல் காரியம், கெயினைக் குறைத்து ஃபேடரை ஏற்றுவது. அல்லது மிக்சரைக் குறைத்து ஆம்ப்பை ஏற்றுவது. மைக்கிலிருந்து ஸ்பீக்கர் வரையிலான மொத்தப் பெருக்கம்தான் கூவலைத் தீர்மானிக்கிறது. அதை எந்தக் குமிழில் பிரித்துக்கொடுத்தாலும் கூட்டுத்தொகை ஒன்றே. வித்தியாசம் செய்வது வேறு விஷயங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் பாதியானால் ஏறக்குறைய 6 டெசிபெல் இலவசம். பாடாத மைக்குகளை மியூட் செய்யுங்கள்; திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும்போதெல்லாம் 3 டெசிபெல் பறிபோகும். மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடித்தால் அதன் திசைத் தன்மையே கெட்டு, எல்லாப் பக்கத்திலிருந்தும் வாங்க ஆரம்பிக்கும். அப்படிப் பிடிப்பவரிடம் எந்த ஈக்யூவும் எடுபடாது, நேரே போய்ச் சொல்லிவிடுவதுதான் ஒரே வழி.

பாடகர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் பெட்டியைக் கார்டியாய்ட் (முன்பக்க ஒலியை மட்டும் நன்றாக வாங்கும்) மைக்குக்கு நேர் பின்னால் வையுங்கள். சூப்பர் கார்டியாய்டுக்கு அந்த இடம் சரிவராது. அதற்கு மிகக் குறைவாகக் கேட்கும் செவிட்டு மூலை சுமார் 125 டிகிரியில் இருப்பதால் பெட்டியைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். பிறகு மானிட்டர் அனுப்பலை மெல்ல ஏற்றி, முதலில் எங்கே முனகுகிறது என்று கேளுங்கள். 'ஊ' என்று குழைந்தால் 250 – 500 ஹெர்ட்ஸ், விசில் மாதிரி என்றால் 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டி, 'கீச்' என்று காதைக் குத்தினால் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். அந்தப் பட்டையை 31 பட்டை ஈக்யூவில் 3 முதல் 6 டெசிபெல் வெட்டுங்கள். மூன்று நான்கு இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வெட்டினால் குரல் டப்பாவுக்குள் பாடுவதுபோல் ஆகிவிடும், கிடைத்த லாபமும் போய்விடும். முடிந்ததும் மொத்த லெவலை 6 டெசிபெல் இறக்கி வையுங்கள்.

மானிட்டருக்கு, சேனல் ஃபேடருக்கு முன்பே சிக்னலைப் பிரித்தெடுக்கும் ப்ரீ ஃபேடர் ஆக்ஸ்தான் சரி. ஆனால் அது கெயினுக்குப் பின்னால் எடுக்கப்படுவது என்பதை நினைவில் வையுங்கள். நிகழ்ச்சி நடுவில் கூட்டத்துக்குக் குரல் போதவில்லை என்று கெயினை 6 டெசிபெல் ஏற்றினால் பாடகரின் காலடியிலும் 6 ஏறும், உடனே கூவும். சவுண்ட் செக் முடிந்த பின் கை ஃபேடரில்தான் இருக்க வேண்டும்.

பெரிய சத்தத்தைத் தானாகக் குறைக்கும் கம்ப்ரஸரிலும் இதே பொறி இருக்கிறது. 3:1 விகிதம், உச்சத்தில் 4 முதல் 6 டெசிபெல் குறைப்பு என்பது குரலுக்கு அழகாக உட்காரும். குறைந்ததை ஈடுகட்ட மேக்கப் கெயின் 6 டெசிபெல் கொடுத்தீர்கள் என்றால், பாடகர் மூச்சு வாங்கும் நேரத்தில் குறைப்பு இல்லை, மேக்கப் மட்டும் இருக்கும். அதாவது மைக் 6 டெசிபெல் கூடுதலாகத் திறந்திருக்கும். பாடும்போது கூவாமல் பாட்டு நின்றதும் கூவினால் அங்கே பாருங்கள். சேனலில் போடாமல், குரல்களுக்கென்று ஒரு சப்குரூப் வைத்து அதில் கம்ப்ரஸரைப் போட்டால் மானிட்டராவது தப்பிக்கும்.

எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பது

இரைச்சல் கேட்டால் பின்னாலிருந்து முன்னால் போங்கள். மாஸ்டர் ஃபேடரை முழுக்க இறக்குங்கள். அப்படியும் இரைந்தால் அது மாஸ்டருக்குப் பின்னால் பிறப்பது; ஆம்ப் தேவைக்கு மேல் திறந்திருக்கிறது. நின்றுவிட்டால் மாஸ்டரை ஏற்றி, சேனல் ஃபேடர்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஒரு சேனலில் நின்றால் அங்கே கெயின் அளவுக்கு மீறி இருக்கிறது, மைக் தூரத்தில் இருக்கிறது அல்லது எஃபெக்ட் ரிட்டர்ன் ஏறிக் கிடக்கிறது.

கரகரப்புக்கு ஹெட்ஃபோன் போதும். சேனலின் பி.எஃப்.எல்.லில் உடைந்து கேட்டால் தப்பு கெயினில், அல்லது மைக்கிலேயே. அங்கே சுத்தம், மெயினில் உடைகிறது என்றால் சேனல்கள் கூடிக் குவிந்திருக்கின்றன. மெயினும் சுத்தம், ஸ்பீக்கரில் மட்டும் உடைகிறது என்றால் ஆம்ப்பின் கிளிப் விளக்கைப் பாருங்கள். அதுவும் எரியவில்லையா? இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்பில் மாற்றிச் செருகுங்கள், ஆம்ப்பை அணைத்துவிட்டுத்தான். தப்பு அடுத்த பெட்டிக்கு மாறினால் ஆம்ப்பின் அந்தச் சேனல் அல்லது அதற்கு வரும் கேபிள். மாறாமல் அதே பெட்டியில் இருந்தால் பெட்டியோ ஒயரோ கெட்டிருக்கிறது. ஹெட்ஃபோன் குமிழை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அந்தக் குட்டி ஆம்ப்பும் கிளிப் ஆகும், இல்லாத தப்பைத் தேடி அலைவீர்கள்.

'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் லேப்டாப்பையோ கீபோர்டையோ ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். நின்றால் எர்த் சுற்று, அதாவது இரண்டு வழியாக எர்த் சேர்ந்து உருவான வளையம். அதற்கு டி.ஐ. பாக்ஸ் (கருவியின் சிக்னலை மைக் லெவலுக்கு மாற்றும் பெட்டி) போட்டு அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிச் சரிசெய்பவர்களை எந்த மேடையிலும் பார்க்கலாம். ஹம் நிற்கும்தான். ஆனால் அடுத்த முறை உபகரணத்தில் மின்கசிவு வந்தால், அது தரைக்குப் போகும் வழி மைக்கைப் பிடித்துப் பாடுபவரின் உடம்பாகவே இருக்கலாம்.